பழைய ஓவியத்தை எந்த ஒளியில் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பரம்பரையாக வந்த தஞ்சாவூர் ஓவியமோ எண்ணெய் வண்ண ஓவியமோ வைத்திருப்பவர்கள், சிறிய அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்கள், ஓவியப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பஞ்சும் கரைப்பானும் கையில் எடுப்பதற்கு முன்பே ஓவியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை ஒளியே சொல்லிவிடும். அவசரப்பட்டுத் துடைத்த ஓவியத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை.

கண்ணுக்குத் தெரியாதது வேறு ஒளியில் மட்டும் எப்படித் தெரிகிறது?

ஓவியம் என்பது பல அடுக்குகள். தஞ்சாவூர் ஓவியத்தில் அடியில் பலாப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் வெள்ளையான சுக்கான் மாவுப் பூச்சு, அதில் போட்ட கோடுகள், மேடு எழுப்பும் பசையான மக்கு, தங்க ரேக்கு, வண்ணம், சில சமயம் கடைசியாக ஒரு வார்னிஷ். ஒவ்வொரு அலைநீளமும் இந்த அடுக்குகளில் ஒவ்வோர் ஆழம் வரை போகிறது. 365 நானோமீட்டர் (அலைநீளத்தை அளக்கும் அலகு) புற ஊதா பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே உறிஞ்சப்பட்டு, அங்குள்ள பொருளை ஒளிரச் செய்கிறது. அகச்சிவப்பு, மெல்லிய வண்ணத்தைக் கடந்து வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. எக்ஸ்ரே பலகையையும் தாண்டி மறுபக்கம் வந்துவிடுகிறது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக முழு விடை தராது.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் சாதாரண வெள்ளை ஒளி, பிறகு சாய்வொளி, துணி ஓவியமானால் ஊடொளி, அதன்பின் புற ஊதா, அகச்சிவப்பு. தேவையிருந்தால் மட்டும் எக்ஸ்ரே. வண்ணத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது இவை எல்லாம் முடிந்தபிறகுதான். எங்கிருந்து எடுத்தால் விடை கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

வெள்ளை ஒளி, புற ஊதா, அகச்சிவப்பு மூன்றுக்கும் கேமராவையும் முக்காலியையும் நகர்த்தாதீர்கள். மூன்று படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடும்போதுதான் உண்மையான பலன் கிடைக்கிறது. ஓரத்தில் வண்ண அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும்.

சாய்வொளி என்றால் என்ன? கைப்பேசி விளக்கு போதுமா?

ஓவியத்தின் பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல், 5 முதல் 30 டிகிரி சாய்வில் ஒரே பக்கத்திலிருந்து விளக்கு அடிப்பதுதான் சாய்வொளி. கைப்பேசி விளக்கே போதும். அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

உப்பிக்கொண்டு நிற்கும் வண்ணம், ஓரம் மேலெழுந்த செதில்கள், துணியின் தொய்வு, பலகை வளைவு எல்லாம் நிழலாகத் தெரியும். செதிலின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் கூர்மையான கறுப்புக் கோடுமாகத் தெரிந்தால் அது அடியிலிருந்து விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மென்மையான தூரிகைகூடப் படக்கூடாது. வீட்டில் வாரம்தோறும் துணியால் துடைக்கும் வழக்கம் இருந்தால், முதலில் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்.

படமெடுக்கும்போது விளக்குக்கு அருகில் உள்ள பாதி வெளுத்தும் மறுபாதி இருண்டும் போவது வழக்கமான சிக்கல். விளக்கைத் தள்ளி வைத்தால் சரியாகும். ஓவியத்தின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் நல்லது. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று படத்திலேயே அம்புக்குறி போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பிறகு பார்ப்பவருக்கு மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு மேடுகளின் நிழலே பக்கத்தில் உள்ள வண்ணத்தை மறைத்துவிடும். அதனால் நான்கு பக்கமிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இதன் வளர்ந்த வடிவம்தான், கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் வைத்து 24 முதல் 60 படங்கள் வரை எடுத்து, கணினியில் ஒளியை நாம் விரும்பும் பக்கம் திருப்பிப் பார்க்கும் முறை. 2001இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் வெளியிட்ட கணக்கீட்டிலிருந்து இது வளர்ந்தது. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒளியின் திசையைக் கணக்கிட, பளபளப்பான கறுப்புக் கோலி ஒன்றைப் படத்தின் ஓரத்தில் வைத்தால் போதும்.

ஊடொளி எதற்கு?

துணி ஓவியத்தின் பின்னால் விளக்கு வைத்து முன்னால் பார்ப்பது. ஓட்டைகள், ஊடுருவிய விரிசல்கள், வண்ணம் தேய்ந்து மெலிந்த இடங்கள் தெரியும். பலகையில் தீட்டியதற்குப் பயன்படாது. சூடாகும் ஹாலஜன் விளக்கைப் பின்னால் வைக்காதீர்கள். எல்.இ.டி. பேனல் போதும்.

புற ஊதா விளக்கு வாங்க வேண்டும். கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு சரிப்படுமா?

மேலோட்டமாகப் பார்க்கச் சரிப்படும், படமெடுக்கப் போதாது. 365 நானோமீட்டர் எனக் குறிப்பிட்ட எல்.இ.டி. டார்ச் வாங்குங்கள். முகப்பில் கறுப்பு நிற வடிகட்டிக் கண்ணாடி கட்டாயம் இருக்க வேண்டும். மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டரில் ஒளிர்பவை. அவற்றிலிருந்து ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் கசியும். ஓவியம் முழுவதும் ஊதாவாகத் தெரிவதால், மங்கலாக ஒளிரும் வார்னிஷ் அதில் அமுங்கிவிடும்.

கண்ணுக்குப் புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 254 நானோமீட்டர் கிருமிநாசினி விளக்கை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அது கண்ணையும் தோலையும் கெடுக்கும், ஓவியத்துக்கும் கேடு.

கடைசியாக ஒன்று, பலரும் கவனிக்காதது: சோப்புத் தூளில் துவைத்த வெள்ளைச் சட்டையும் வேட்டியும் இந்த ஒளியில் பளீரென்று நீலமாக ஒளிரும். அந்த நீலம் ஓவியத்தில் பட்டுத் திரும்பும். கறுப்பு உடை அணியுங்கள். மேசைவிரிப்பையும் அச்சுத்தாளையும் அப்புறப்படுத்துங்கள். அறை முழு இருட்டாக இருக்கட்டும். கண் பழக ஐந்து நிமிடமாவது ஆகும்.

புற ஊதாவில் தெரியும் நிறங்களுக்கு என்ன பொருள்?

இங்குதான் தவறான முடிவுகள் அதிகம் நிகழ்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டாமர், மாஸ்டிக் போன்ற இயற்கைப் பிசின் வார்னிஷ் பழையதாக ஆக ஆகப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதிதாகப் பூசியது அவ்வளவு ஒளிராது. அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும். துத்தநாக வெள்ளை பளிச்சென்ற மஞ்சள்பச்சை. டைட்டானியம் வெள்ளை ஒளிராமல் இருண்ட ஊதாவாகவே நிற்கும். ஈய வெள்ளை மங்கலான வெண்ணீலம். மஞ்சிட்டி வேர் வகைச் சிவப்புகள் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ ஒளிர்வதுண்டு. செப்புப் பச்சைகள் கறுப்பாகத் தெரியும்.

பின்னாளில் தீட்டிய திருத்தம் பெரும்பாலும் கறுப்புத் திட்டாகத் தெரியும். ஆனால் கறுப்பாகத் தெரிவதெல்லாம் திருத்தம் அல்ல. அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் துடைக்கப்பட்டிருக்கலாம், அழுக்குப் படிந்திருக்கலாம், அசல் வண்ணமே செப்புப் பச்சையாக இருக்கலாம். முடிவு செய்ய 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகச் சாதாரண ஒளியில் அதே இடத்தைப் பாருங்கள். பழைய வண்ணத்தில் விரிசல் ஓடியிருக்கும். மேலே உள்ள வண்ணம் அந்த விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருந்தாலோ, விரிசலை மூடிக்கொண்டு போனாலோ அது பின்னால் வந்தது. விரிசல் இரண்டையும் சேர்த்து வெட்டியிருந்தால் இரண்டும் பழையவை.

திருத்தம் வார்னிஷுக்கு மேலே இருந்தால்தான் கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். திருத்திய பின் அதன்மேல் வார்னிஷ் பூசி, அதுவும் பழையதாகிவிட்டால், பச்சை ஒளிர்வுக்கு அடியில் அது ஒளிந்துவிடும். புற ஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்த வார்னிஷும் இருக்கிறது. அதைப் பூசினால் எதுவுமே தெரியாது. ஆகவே புற ஊதாவில் ஓவியம் ஒரே சீராகத் தெரிகிறது என்பதை வைத்து, யாரும் கை வைக்காதது என்று விற்பவர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

பூஜை அறையில் இருந்த ஓவியங்களில் இன்னொன்றும் சேரும். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் படிந்த படலம் ஒளிர்வை மங்கச் செய்துவிடும். அந்தப் படலம் திட்டுத்திட்டாக இருந்தால் திருத்தம் என்றே தோன்றும்.

புற ஊதாவில் படம் எடுக்க என்ன அமைப்பு?

இரண்டு விளக்குகள், இரு பக்கமும் 45 டிகிரியில், சுமார் ஒரு மீட்டர் தள்ளி. கேமரா முக்காலியில். ஐ.எஸ்.ஓ. 200 முதல் 400, துளை எஃப் 8, திறப்பு நேரம் 10 முதல் 30 நொடி. ரா கோப்பாக (கேமரா சுருக்காமல், திருத்தாமல் சேமிக்கும் படம்) எடுங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். 5500 கெல்வின் போல ஒன்றில் நிறுத்தி, எல்லாப் படத்துக்கும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் பச்சை ஒவ்வொரு விதமாக வரும்.

லென்ஸ் முன்னால் ராட்டன் 2இ போன்ற வெளிர்மஞ்சள் வடிகட்டி தேவை. விளக்கிலிருந்து நேராகத் திரும்பி வரும் புற ஊதாவை அது நிறுத்தி, ஓவியத்தின் ஒளிர்வை மட்டும் உள்ளே விடும். கடைகளில் லென்ஸைப் பாதுகாக்க விற்கும் சாதாரண வடிகட்டியை இதற்கு நம்ப முடியாது. வாங்கிய வடிகட்டியை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். அதுவே ஒளிர்ந்தால் படத்தில் மூடுபனி விழும்.

இந்தப் பரிசோதனையே ஓவியத்தைக் கெடுக்காதா?

365 நானோமீட்டர் விளக்கில் பத்து இருபது நிமிடம் பார்ப்பது, சன்னல் வெயில் படும் சுவரில் தொங்குவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவு. ஆனாலும் தேவை முடிந்ததும் அணையுங்கள். நீர்வண்ணம், காகிதம், பட்டு என்றால் இன்னும் சுருக்கமாக. உண்மையான கெடுதல் பெரும்பாலும் பரிசோதனை மேசையில் நடப்பதில்லை, சுவரில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அகச்சிவப்பில், வண்ணத்துக்கு அடியில் போட்ட கோடு தெரியும் என்கிறார்கள். எல்லா ஓவியத்திலும் தெரியுமா?

தெரியாது. மூன்று நிபந்தனைகள் கூடி வரவேண்டும்: கோடு கரியால் போட்டதாக இருக்க வேண்டும், அடியில் வெள்ளைப் பூச்சு இருக்க வேண்டும், மேல் வண்ணம் அகச்சிவப்பை விட வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுக்கான் பூச்சு வெண்மையானது, கோடு கரிமையிலோ பென்சிலிலோ இருந்தால் முகத்திலும் கையிலும் நன்றாகத் தெரியும். காவியில் போட்ட சிவப்புக் கோடு மறைந்துவிடும். தங்க ரேக்குக்கு அடியில் எதுவும் தெரியாது, ஏனெனில் தங்கம் அகச்சிவப்பை அப்படியே திருப்பிவிடும்.

சாதாரண கேமரா உணரி சுமார் 1000 நானோமீட்டர் வரை பார்க்கும் திறன் கொண்டது. ஆனால் அதன் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி ஒட்டியிருக்கும். பழைய கேமரா ஒன்றில் அதைக் கழற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் 850 அல்லது அதற்கு மேற்பட்ட வடிகட்டி போட்டால் வேலை நடக்கும். அறையின் எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் படம் இருட்டாகவே வரும். ஹாலஜன் விளக்கு அல்லது சிசிடிவி கேமராக்களுக்கு இரவில் பயன்படும் 850, 940 நானோமீட்டர் விளக்குகள் வேண்டும். ஹாலஜன் சூடு கக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, படமெடுக்கும் நொடிகளுக்கு மட்டும் போடுங்கள். குவியம் சற்று இடம் மாறும், அதனால் அகச்சிவப்பிலேயே திரையில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நீலமும் பச்சையும் 1000 வரை பல நேரம் வழிவிடாது. அதற்குமேல் போக இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி தேவை. அது 900 முதல் 1700 வரை பார்க்கும், விலை மிக அதிகம். இந்த முறையை 1960களின் பிற்பகுதியில் டச்சு அறிஞர் வான் ஆஸ்பரன் டி பூர் வளர்த்தெடுத்ததன் காரணமே, பழைய அகச்சிவப்புப் படச்சுருள் நீலப் பச்சைப் பகுதிகளில் தோற்றுப்போனதுதான்.

ஒளியை வைத்தே வண்ணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஊகிக்க முடியும். கணினியில் அகச்சிவப்புப் படத்தைச் சிவப்புத் தடத்திலும் (சேனல்), சிவப்பைப் பச்சைத் தடத்திலும், பச்சையை நீலத் தடத்திலும் வைத்தால் பொய்நிறப் படம் ஒன்று கிடைக்கும். அதில் அவுரி நீலமும் அல்ட்ராமரினும் சிவப்பாக மாறிவிடும், பிரஷ்யன் நீலம் கருநீலமாகவே நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நீலத் திட்டுகள் இங்கே பிரிந்து நின்றால், அவற்றில் ஒன்று பின்னால் தீட்டியதா என்று தேட வேண்டும். உறுதிசெய்ய, வண்ணத்தில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி போன்ற வேறு சோதனை வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தை எக்ஸ்ரே எடுக்கலாமா?

எடுக்கலாம், பயனும் உண்டு. பலகைக்குள் கரையானோ வண்டோ குடைந்த வழிகள் கறுப்புக் கால்வாய்களாகத் தெரியும். ஆணிகள், பலகை இணைப்புகள், பின்னால் அடித்த மட்டக்கட்டைகள் எல்லாம் வரும். ஈயம் கலந்த கண்ணாடிக் கல், ஈய வெள்ளை, பாதரசம் உள்ள சிவப்பு வண்ணமான சாதிலிங்கம் ஆகியவை எக்ஸ்ரேயைத் தடுப்பதால் வெள்ளையாக விழும். அவுரியும் கரியும் தடமே காட்டாது.

மின்னழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். துணி ஓவியத்துக்கு 20 முதல் 30 கிலோவோல்ட், பலகைக்குச் சற்றுக் கூட. மருத்துவமனைப் பொது எக்ஸ்ரே கருவி பெரும்பாலும் 40க்குமேல் தொடங்குவதால் மெல்லிய வண்ண வேறுபாடு கரைந்துவிடும். மார்பகப் பரிசோதனைக் கருவி 25 முதல் 35 வரை வேலை செய்வதால் சிறிய ஓவியத்துக்கு அதுவே மேல். எதுவாக இருந்தாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்ற இடத்தில், பயிற்சி பெற்றவர் கையால்தான்.

படத்தைப் படிக்கும்போது பின்பக்கமும் முன்பக்கமும் ஒன்றாகக் கலந்தே விழும் என்பதை மறக்க வேண்டாம். பின்புறத்தைத் தனியாகப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போலியைக் கண்டுபிடித்துவிடலாமா?

போலி என்று சொல்ல ஒரு சான்று போதும். அசல் என்று சொல்ல எத்தனை சான்று இருந்தாலும் ஒளி மட்டும் போதாது. டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. ஜெர்மனியில் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, ஓவியர் ஹைன்ரிக் காம்பெண்டோங்க் 1914இல் தீட்டியதாக விற்ற ஓவியம் ஆய்வகச் சோதனையில் இந்த வண்ணத்தால்தான் பிடிபட்டது. 2011இல் பெல்ட்ராக்கிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் ஓர் ஓவியத்தின் ஓரத்தில் மட்டும் டைட்டானியம் தெரிந்தால், அது பிற்காலத் திருத்தமாகவும் இருக்கலாம். எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடியில் வேறு படம் தெரிகிறது. மேல் வண்ணத்தை எடுத்துவிடலாமா?

தெரிகிறது என்பதே எடுப்பதற்குக் காரணம் ஆகாது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின், சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியத்தில், பின்சுவருக்கு அடியில் ஒரு மன்மதன் படம் இருப்பது 1979 எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. ஓவியரே மனம் மாறி மறைத்தார் என்று நினைத்ததால் யாரும் தொடவில்லை. 2017இல் தொடங்கிய பணியில் வண்ணத் துணுக்குகளை நுண்நோக்கியில் பார்த்தபோது, மன்மதன் மீது பூசிய வார்னிஷுக்கும் மேல் வண்ணத்துக்கும் இடையே அழுக்குப் படலம் இருந்தது. அப்படியானால் ஓவியம் முடிந்து பல்லாண்டுகள் கழித்து வேறொருவர் மூடியிருக்கிறார். அந்தச் சான்று கிடைத்த பிறகே நுண்நோக்கியின் கீழ் சிறுகத்தியால் மேல் வண்ணத்தை எடுத்தார்கள். 2021இல் முழு மன்மதனும் வெளிவந்தான். எக்ஸ்ரே காட்டியது படத்தை. யார் மறைத்தார், எப்போது மறைத்தார் என்பதைச் சொன்னது அந்த அழுக்குப் படலம்.

ஒளியையே சிகிச்சையாகப் பயன்படுத்துகிறார்களா?

உண்டு. ஆளி விதை எண்ணெயில் தீட்டிய வெள்ளை, இருட்டில் நெடுங்காலம் இருந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் அந்த மஞ்சள் ஓரளவு குறையும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஓவியர் ரூபன்ஸ் தன் ஓவியம் ஒன்றை அனுப்பும்போது, பெட்டிக்குள் இருந்து வெள்ளை மஞ்சளித்திருந்தால் வெயிலில் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு வீட்டு ஓவியத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் பலகை வளையும், சுக்கான் பூச்சு விடும், சாயங்கள் வெளுக்கும்.

எர்பியம் லேசர் 2940 நானோமீட்டரில் பழைய வார்னிஷை மெல்லிய அடுக்காகச் சீவி எடுக்கும். கல்லைச் சுத்தம் செய்யும் 1064 நானோமீட்டர் லேசரை வண்ணத்தின்மேல் நேராக அடித்தால் சாதிலிங்கமும் ஈய வெள்ளையும் கறுத்துவிடும்.

நம் மனதுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஹார்வர்டில் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ துணியில் தீட்டிய சுவரளவு ஓவியங்கள் 1964இல் பல்கலைக்கழகத்தின் மேல்தள உணவறையில் மாட்டப்பட்டன. வெயில் தாராளமாக வந்த அறை. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு ஒளியில் நிற்காத வண்ணம். ஓவியங்கள் வெளுத்துப்போய் 1979இல் கிடங்குக்குப் போயின. மேலே ஒரு துளி வண்ணமும் தீட்டாமல், பழைய படச்சுருள்களிலிருந்து அசல் நிறத்தைக் கணக்கிட்டு, இழந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டரால் ஒவ்வொரு புள்ளியாக ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். 2014 கண்காட்சியில் தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைத்து, வெளுத்த ஓவியத்தையும் காட்டினார்கள். ஓவியத்தின் உடலைத் தொடாமல் நிறத்தைத் திருப்பித் தந்த இந்த வழியில் இருக்கும் மரியாதை பெரிது.

வீட்டில் எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம்?

நீர்வண்ணம், காகிதம், துணிச்சாயம்: 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் வண்ணம், பலகை ஓவியம்: 150 முதல் 200 வரை. அளப்பதற்குச் சிறிய லக்ஸ் மீட்டர் வாங்குவது நல்லது, கைப்பேசிச் செயலி தோராயமே.

அளவோடு நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 லக்ஸ் வெளிச்சத்தில் தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் இருந்தால் 1,20,000 லக்ஸ் மணி. நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது ஒரு மணி நேர வெயில் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வெளிச்சத்தைத் தின்றுவிடும், புற ஊதாவும் வெப்பமும் தனிக்கணக்கு. சாயம் எவ்வளவு விரைவில் வெளுக்கும் என்று காட்டும் நீலக் கம்பளி அளவுகோலின் முதல் தரம், அதாவது மிக எளிதில் வெளுக்கும் சாயம், புற ஊதாவை நீக்கிய ஒளியிலும் சுமார் 3 லட்சம் லக்ஸ் மணியில் வெளுப்பு தெரியத் தொடங்கும். ஆர்சனிக் உள்ள செம்மஞ்சள் வண்ணமான மனோசிலை இன்னொரு வகை ஆபத்து: அது வெளுப்பதில்லை, ஒளி பட்டு மஞ்சள் பொடியாக உதிரும்.

சட்டத்துக்குள் எல்.இ.டி. பட்டை ஒட்டித் தஞ்சாவூர் ஓவியத்தை ஜொலிக்க விடுவது இப்போது பரவலாக இருக்கிறது. எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லை என்றாலும், மூடிய சட்டத்துக்குள் தினமும் சூடேறி ஆறும்போது பூச்சும் பலகையும் வேறுவேறு அளவில் சுருங்கி விரியும். விளக்கைச் சட்டத்துக்கு வெளியே, தள்ளி மாட்டுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் உள்ள விளக்காகப் பார்த்து வாங்கினால் குறைந்த வெளிச்சத்திலும் தங்கம் தங்கமாகத் தெரியும்.

கண்ணாடி போட்ட ஓவியத்தைக் கழற்றிப் பார்க்கலாமா?

முதலில் கண்ணாடியோடு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்ணம் கண்ணாடியில் ஒட்டிய இடம் ஈரம்பட்டதுபோல் அடர்ந்து, சுற்றியுள்ள இடம் சற்று வெளிறித் தெரியும். அப்படி ஓர் இடம் இருந்தாலும் சட்டத்தைத் திறக்காதீர்கள். கண்ணாடியோடு வண்ணமும் வந்துவிடும். பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாப்பாளரிடம் அப்படியே கொண்டுபோங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு, லக்னோவில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் போன்ற அரசு அமைப்புகளிடம் வழிகாட்டல் கேட்கலாம். எடுத்த படங்களை, எந்த ஒளி, எந்த வடிகட்டி, எத்தனை நொடி, எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதிக் கையோடு கொடுங்கள். ஓவியத்தைப் படுக்க வைத்து, வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி எடுத்துச் செல்லுங்கள்.